முகம் கழுவாத சுவர்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமிருந்தால் வாசியுங்கள். எங்கள் புதுக்குடியிருப்புப் பக்கம் இன்னும் பூசாத சுவருக்குள் இருக்கிற குடும்பங்களுக்கு ஒரு வரியாவது உதவினால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் மேசன் இல்லை. கணித வாத்தியார். கல்வியியற் கல்லூரியில் மூன்று வருசம் படித்ததில் சாந்தகப்பை பிடிக்க ஒருவரும் சொல்லித் தரவில்லை. இந்த ஓகஸ்ட் விடுமுறையில்தான் வாழ்க்கையில் முதற்தடவையாக ஒரு சுவரை ஒழுங்காகப் பூசினேன். முதற்தடவை என்று சொல்வதும் முழு உண்மையில்லை. ஏப்ரலில் ஒருதரம் பூசினேன். அது விழுந்துவிட்டது. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

நாங்கள் இப்போது இருக்கிற வீடு நான் கட்டியது இல்லை. மூன்று வருசத்துக்கு முன் காணியோடு சேர்த்து வாங்கியது. முன்னால் இரண்டு அறையும் ஹோலும் மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எழுப்பிய சீமெந்துக்கல் சுவர்கள். பின்னால் குசினிச் சுவர் மட்டும் யுத்தத்துக்கு முன் இருந்த பழைய வீட்டின் மிச்சம். அதை இடிக்காமல் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். கூரை இருக்கிறது, கதவு இருக்கிறது, பூச்சு மட்டும் இல்லை. இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. கைவேலிப் பக்கம் போனாலும் இரணைப்பாலைப் பக்கம் போனாலும் இப்படி வீடுகள் நிறைய இருக்கின்றன. கையிலிருந்த காசு கூரையோடு முடிந்துவிடும். “பூச்சுத்தானே, பிறகு பாப்பம்” என்று விடுவது. 2022இல் சீமெந்துப் பை மூவாயிரம் ரூபாய்க்குக் கிட்டப் போனபோது அந்தப் “பிறகு” இன்னும் தள்ளிப் போனது.

பூசாத சுவர் வடிவில்லை என்பதோடு பிரச்சினை முடிவதில்லை. மாரி மழை சரிவாக அடித்தால் கல்லின் இடுக்கால் ஈரம் உள்ளே வரும். இடுக்குகளில் பூரான் இருக்கும். கையால் தடவினால் தூள் கொட்டும். என் மகளுக்கு ஆறு வயது, முட்டு வருத்தம். போன மார்கழியில் இரண்டு இரவு அவளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். “வீட்டில தூசியும் ஈரமும் இருக்கோ?” என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. மனைவி என்னைப் பார்த்தார்.

இன்னொரு காரணமும் இருந்தது. உம்மா.

எங்கள் குடும்பம் தண்ணீரூற்று. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான் உம்மாவின் வயிற்றில். புத்தளத்தில்தான் பிறந்தேன். கிடுகு வேலியும் கிடுகுச் சுவருமாக முகாமில் வளர்ந்தேன். வாப்பா அங்கேயே மௌத்தானார், அங்கேதான் அடக்கினோம். நான் நியமனம் கிடைத்து முல்லைத்தீவு மாவட்டத்துக்கு வந்த பிறகு எத்தனையோ தரம் கூப்பிட்டும் உம்மா வந்து தங்கமாட்டார். ஒரு நாள் இருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவார். ஏன் என்று வற்புறுத்திக் கேட்டபோதுதான் சொன்னார்.

“அந்த வருசம் வீட்டப் பூசுறதுக்கெண்டு உங்கட வாப்பா ஆறு பை சீமெந்து வாங்கி அடுக்கி வெச்சிருந்தார் மகன். பூசாத வீட்டுலயிருந்துதான் எழும்பி வந்தோம். பூசாத சுவரப் பாத்தா எனக்கு நித்திரை வராது.”

முப்பத்து நாலு வருசமாக எனக்குத் தெரியாத செய்தி அது. சரி, பூசிவிடுவோம் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். மேசன் கூலியையும் சீமெந்து விலையையும் கூட்டிப் பார்த்தபோது சம்பளம் இடங்கொடுக்கவில்லை. நானே செய்கிறேன் என்று ஏப்ரல் விடுமுறையில் இறங்கினேன்.

கைபேசியில் நாலு காணொளி பார்த்தேன். எல்லாரும் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரிப் பூசுகிறார்கள். ஆனால் அவர்களின் சுவர் ஏற்கெனவே நேராக இருக்கிறது. என் சுவர் அப்படியில்லை. ஹோலின் மேற்குச் சுவர் பன்னிரண்டடி நீளம், ஒன்பதடி உயரம். கட்டும்போது பிதுங்கிய சாந்து இடுக்கெல்லாம் காய்ந்து நிற்கிறது. நடுவில் வயிறு தள்ளியிருக்கிறது. யன்னல் பக்கம் உள்வாங்கியிருக்கிறது. நான் நினைத்தேன், பள்ளத்துக்குக் கூடப் பூசினால் சரி, மேட்டுக்குக் குறையப் பூசினால் சரி. சீமெந்து கூடினால் பலம் கூடும் என்று ஒன்றுக்கு மூன்று மணல் போட்டுக் குழைத்தேன். காய்ந்த சுவரில், கூட்டாத சுவரில், நல்ல வெயில் நேரத்தில் அப்பினேன். யன்னல் பக்கம் இரண்டு அங்குலத் தடிப்பு, ஒரே தரத்தில். பின்னேரம் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. படம் எடுத்து உம்மாவுக்கும் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் சுபஹுக்கு எழும்புகிற நேரம் “தொம்” என்று ஒரு சத்தம். யன்னல் பக்கப் பூச்சு ஒரு பாய் அளவுக்குக் கழன்று விழுந்திருந்தது. அதற்கடியில்தான் மகளின் புத்தகப்பை இருந்தது. பகலாக இருந்திருந்தால் அவளும் அங்கேதான் இருந்து படம் கீறிக்கொண்டிருப்பாள். அல்லாஹ் காப்பாற்றினான்.

பக்கத்துக் காணியில் ஒரு ஐயா இருக்கிறார். எழுபதை நெருங்கிய வயது. நாற்பது வருசம் மேசன் வேலை செய்தவர். இடுப்பில் இன்னும் எடுக்காத ஒரு துண்டு இருப்பதால் இப்போது ஏறி இறங்க முடியாது. சத்தம் கேட்டு வேலியால் வந்தார். விழுந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்து, பூசிய பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவி எனக்குக் காட்டினார். விரலில் சாம்பல் நிறத் தூள்.

“பாருங்கோ சேர். இது சுவரைப் பிடிக்கேல்லை. தூசியைத்தான் பிடிச்சிருக்கு.”

பிறகு மிச்சமாக நின்ற பூச்சைச் சாந்தகப்பைப் பிடியால் தட்டிக்கொண்டு போனார். சில இடத்தில் கல்லுச் சத்தம், சில இடத்தில் வெறும் பானைச் சத்தம். பானைச் சத்தம் வந்த இடமெல்லாம் உள்ளே பிடிக்கவில்லை, இன்றைக்கோ நாளைக்கோ விழும் என்றார். போகும்போது சிரித்துக்கொண்டு சொன்னார்: “முகம் கழுவாமப் பவுடர் போட்டிருக்கிறியள்.”

ஓகஸ்ட் விடுமுறை தொடங்கிய அன்று நானே அவர் வீட்டுக்குப் போனேன். “ஐயா, நீங்கள் கதிரையில இருந்து சொல்லுங்கோ, நான் செய்யிறன்” என்றேன். “அப்ப சேர்தான் முட்டாள்” என்றார். எங்கள் பக்கம் மேசனுக்குச் சாந்து எடுத்துக் கொடுக்கிற ஆளை அப்படித்தான் சொல்வது, தெரியும்தானே. வாத்தியார் வேலைக்கு வந்து பத்து வருசத்துக்குப் பிறகு எனக்கு அந்தப் பட்டம் கிடைத்தது.

முதல் நாள் அவர் சீமெந்துப் பையைப் பிரிக்கவே விடவில்லை. “சுவரை முதல்ல வாசியுங்கோ” என்றார். சுவரின் இரண்டு அந்தத்திலும் 30 மில்லிமீற்றர் கனமான இரண்டு கட்டையை வைத்து, தூக்குக்குண்டு விட்டு அவை நேர்குத்தாக இருக்கிறதா என்று பார்த்து, கட்டையிலிருந்து கட்டைக்கு நூல் கட்டினோம். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. பிறகு என் வகுப்பு அடிமட்டத்தை எடுத்து, ஒவ்வொரு அடிக்கும் நூலுக்கும் சுவருக்கும் இடையில் எவ்வளவு என்று அளந்து, வெண்கட்டியால் கல்லிலேயே எழுதினேன். ஒரு நூலுக்குப் பதின்மூன்று இடம், மூன்று நூலுக்கும் முப்பத்தொன்பது எண்கள்.

சுவர் சரியாக இருந்தால் எல்லா இடமும் 30 வரவேண்டும். நடுவில் 12 வந்தது. அப்படியென்றால் வயிறு 18 மில்லிமீற்றர் வெளியே. யன்னல் பக்கம் 52 வந்தது. அங்கே 22 உள்ளே. எட்டாம் வகுப்புக்கு நான் படிப்பிக்கிற திசைகொண்ட எண்கள் என் வீட்டுச் சுவரில் நின்றன: சக 18, சய 22. கண்ணால் பார்த்து “கொஞ்சம் கோணல்” என்று நான் நினைத்த சுவர், அளந்து பார்த்தால் 40 மில்லிமீற்றர் வித்தியாசம். ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். இதைத்தான் நான் ஏப்ரலில் ஒரே பூச்சில் மறைக்கப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் மூன்றாம் நாள் உளியும் சுத்தியலும். மேட்டைக் குறைக்க வேணும் என்பது ஐயாவின் முதல் விதி. பள்ளத்தைப் பூச்சால் நிரப்பலாம், மேட்டைப் பூச்சால் குறைக்க முடியாது. மேட்டை அப்படியே விட்டால் சுவர் முழுவதும் அந்த மேட்டின் உயரத்துக்குச் சாந்து அப்ப வேண்டிவரும். சீமெந்தும் வீண், பாரமும் கூட. பிதுங்கிய சாந்தைக் கொத்தி எடுத்தோம். வெளியே தள்ளிய கல்லின் முகத்தைக் கொத்தி 18ஐ 8க்குக் கொண்டுவந்தோம். இடுக்குகளில் இளகியிருந்த சாந்தை ஒரு சுண்டுவிரல் நகத்தின் அளவுக்குத் தோண்டினோம். பூச்சு அந்த இடுக்குக்குள் போய்த்தான் பல்லால் கடித்த மாதிரிப் பிடிக்குமாம்.

கொங்கிறீட் தூணும் லிண்டலும் வழவழவென்று இருக்கும். அதில் பூச்சு நிற்காது. கூரான உளியால் கோழி கொத்திய மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள் போட்டோம். தூணும் கல்லும் சந்திக்கிற கோட்டில், கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பி வலையை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி ஆணி அடித்தோம். இரண்டும் வேறு வேறு பொருள். வெயிலுக்கும் மழைக்கும் ஒரே மாதிரி விரியாது, சுருங்காது. வலை இல்லாவிட்டால் அந்தக் கோட்டில் வெடிப்பு வரும். வயர்க் குழாயையும் அப்போதே பதித்தோம். பூசிவிட்டுப் பிறகு வெட்டுவது புதுச் சட்டையைக் கிழித்துப் பை வைப்பது போல என்றார் ஐயா.

நாலாம் நாள் கழுவல். கம்பித் தூரிகையால் தேய்த்து, தும்புத்தடியால் கூட்டி, தண்ணீரால் கழுவினோம். அடிக் கற்களில் வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் புத்தளத்தில் உப்பளக் காற்றில் வளர்ந்தவன், பார்த்தவுடன் தெரிந்தது. உப்பு. அதைத் தண்ணீர் விட்டுக் கரைத்தால் திரும்பவும் சுவருக்குள்ளேயே போய்விடும். முதலில் காய்ந்தபடியே தேய்த்துக் கூட்டி அள்ளி வெளியே போடவேண்டும், பிறகுதான் கழுவ வேண்டும். மணலிலும் இதே கவனம். கடற்கரை மணலை ஒருவரும் மலிவு என்று நம்பி எடுக்க வேண்டாம். எடுத்த மணலையும் அரிதட்டில் அரித்துத்தான் பாவிக்க வேண்டும்.

அன்றிரவு உம்மாவுக்குத் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். நாலு நாளாகியும் ஒரு கரண்டி சாந்தும் பூசவில்லை என்று குறைப்பட்டேன். “வுழூ எடுக்காமத் தக்பீர் கட்டுவாங்களா மகன்?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஐந்தாம் நாள்தான் முதற் சாந்து. அதுவும் பள்ளத்துக்கு மட்டும். முதல் நாள் பின்னேரமே சுவரை நனைத்தோம், காலையில் திரும்பவும் லேசாக. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சீமெந்து காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. சுவர் காய்ந்திருந்தால் சாந்திலிருக்கிற தண்ணீரைக் கல் உறிஞ்சிவிடும், சீமெந்து இறுகமுதல் உலர்ந்து தூளாகும். ஏப்ரலில் எனக்கு நடந்தது இதுதான். மாறிச் சுவரில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தாலும் சாந்து பிடிக்காது, வழுக்கும். “சுவர் தண்ணி குடிச்சு ஏவறை விட்டாப் பிறகு பூசுங்கோ” என்பது ஐயாவின் அளவு. தொட்டால் குளிரவேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக்கூடாது.

பிறகு கூழ் மாதிரிக் கரைத்த சீமெந்தும் மணலும் எடுத்து, சுவர் முழுக்க விசிறி அடித்தோம். அது காய்ந்தால் அரிசிமா உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பாக நிற்கும். அடுத்த நாள் பள்ளங்களுக்கு ஒன்றுக்கு ஐந்து மணல். ஒரு தரத்தில் 13 மில்லிமீற்றருக்கு மேல் போக விடவில்லை. பூசியதை அழகாக்கவும் விடவில்லை. ஆணி அடித்த பலகையால் குறுக்கும் மறுக்கும் கீறச் சொன்னார். அடுத்த படை அந்தக் கீறலில்தான் பிடிக்கும். ஒரு படை இறுகி, அடுத்த நாள் இன்னொன்று. யன்னல் பக்கத்துக்கு மொத்தம் மூன்று படை: 13, 13, கடைசி 14. கூட்டிப் பாருங்கள், 40 வரும். மேலே வருகிற படை அடிப் படையை விடப் பலமாக இருக்கக்கூடாதாம். பலமான மேல்தோல் சுருங்கும்போது பலமில்லாத அடியைப் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் கடைசிப் படைக்கு ஒன்றுக்கு ஆறு. சீமெந்து கூடினால் பலம் கூடும் என்ற என் ஏப்ரல் கணக்கு இங்கேயும் பிழை.

ஒரு படை இறுகும்வரை காத்திருந்த நேரத்தில் ஐயா பழைய காலம் சொல்வார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கியது, 1990இல் நின்றது. அதற்குப் பிறகு தடைக்காலம். வன்னிக்குள் சீமெந்து வரவிடாத பொருள்களில் ஒன்று. மேசனாக இருந்தவர் களிமண்ணால் சுவர் வைத்துப் பிழைத்திருக்கிறார். 2002இல் சமாதானம் வந்து ஏ9 பாதை திறந்தபிறகுதான் பை பையாகச் சீமெந்தைக் கண்டது என்றார். அப்போது எங்கள் குசினிச் சுவரைக் காட்டினார்.

“இது நான் வைச்ச சுவர் சேர். 2003. தடை எடுத்தாப் பிறகு மனம் நிறையச் சீமெந்து போட்டு வைச்சது. அதுதான் நிக்குது.”

மூன்று வருசமாக அந்தச் சுவரோடு சமைத்துச் சாப்பிடுகிறோம். கட்டியவர் வேலிக்கு அப்பால் இருந்திருக்கிறார்.

அந்தச் சுவரில் நெஞ்சு உயரத்தில் ஒரு ஓட்டை, சுற்றிவரச் சின்னக் குழிகள். 2009இல் வந்தவை. மனைவி அதன்மேல் கலண்டர் தொங்கவிட்டிருந்தார். ஹோல் சுவரில் கைபழகிய தைரியத்தில், “இதையும் அடைச்சுப் போட்டுப் பூசுவம் ஐயா” என்றேன்.

“அடைக்க முதல் விரலை விட்டுப் பாருங்கோ” என்றார்.

வெளியே ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவுதான். உள்ளே கல் நொறுங்கி, பொருக்குப் பொருக்காக, அதைவிடப் பெரிய பள்ளம். உளியால் இளகியதை எடுத்துக்கொண்டு போனபோது டிங் என்று ஒரு சத்தம். பெருவிரல் நகத்தளவு இரும்புத் துண்டு, கறள் பிடித்தது. இரும்பை உள்ளே விட்டுப் பூசினால் ஈரத்துக்குக் கறள் ஏறி ஊதுமாம். நாலு வருசத்திலோ ஐந்து வருசத்திலோ பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடுமாம்.

ஐயா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கனநேரம் பேசவில்லை. பிறகு ஆணி போட்டு வைக்கிற ரின்னுக்குள் போட்டார். (இந்த இடத்தில் ஒரு வார்த்தை. எங்களுடையது வெறும் துண்டு. சுவரிலோ மண்ணிலோ முழுசாக ஏதும் தென்பட்டால் தொடாதீர்கள், தட்டாதீர்கள். பிள்ளைகளைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கள்.)

“சேரின்ர ஆக்கள் தண்ணீரூற்றோ?” என்று கேட்டார்.

“ஓம் ஐயா.”

“நான் இளந்தாரியா அங்க முட்டாள் வேலைக்கு வந்திருக்கிறன். உங்கட ஆக்களின்ர வீடுகளுக்கு. மத்தியானம் ஒருநாளும் எங்களைப் பசியோட விட்டதில்லை.” கொஞ்சம் நிறுத்தினார். “தொண்ணூறில நீங்கள் போகேக்க நாங்கள் ஒண்டும் கதைக்கேல்லை. பயம் எண்டு சொல்லலாம். ஆனா பிறகும் கதைக்கேல்லை. கதைச்சிருக்க வேணும்.”

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பரவாயில்லை ஐயா என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்ல நான் யார்? அந்த ஆறு பை சீமெந்தும் என்னுடையது இல்லை.

“2009இல நான் புத்தளத்தில ஏ.எல். படிச்சுக்கொண்டிருந்தன் ஐயா” என்றேன். “மே மாசம் எங்கட ரோட்டில வெடி கொளுத்தினாங்கள். நான் கொளுத்தேல்லை. ஆனா கொளுத்தாதேங்கோ எண்டும் சொல்லேல்லை. இங்க ஆக்கள் இருக்கினம் எண்டு யோசிச்சும் பாக்கேல்லை.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, “சரி சேர், ஓட்டைக்குத் தண்ணி அடியுங்கோ. காயுது” என்றார்.

தண்ணீர் அடித்தேன். கூழ் பூசினேன். கல்லுடைசலும் சாந்தும் சேர்த்து முதற் படை. அடுத்த நாள் இரண்டாவது. அதற்கடுத்த நாள் மூன்றாவது. அவசரப்படவில்லை.

கடைசிப் பூச்சு ஹோல் சுவருக்குப் பத்தாம் நாள். சுவரில் அங்கங்கே சாந்தால் புள்ளி வைத்து, தூக்குக்குண்டால் சரிபார்த்து, புள்ளிக்குப் புள்ளி பட்டி இழுத்து, பட்டிக்கு நடுவில் நிரப்பி, அலுமினியச் சட்டத்தால் கீழிருந்து மேலாக அறுத்து இழுத்தோம். ஒன்றரை நாளில் முடிந்தது. ஆயத்தம் ஒன்பது நாள், பூச்சு ஒன்றரை நாள். அதற்குப் பிறகு ஏழு நாள் காலையும் பின்னேரமும் தண்ணீர் அடித்தேன். சோளகக் காற்றுக் காலமாதலால் யன்னலுக்குச் சாக்குத் தொங்கவிட்டேன். காற்றும் பூச்சைக் காயவைத்து வெடிக்க வைக்கும்.

செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடி மாதிரியான முட்டைப் பூச்சைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதையும் விசாரித்துப் பார்த்தால், மினுங்குவது கடைசித் தோல்தான். அதற்கடியில் சுண்ணாம்பும் மணலுமாகப் பல படை, ஒவ்வொன்றையும் இறுகவிட்டு இறுகவிட்டு. எங்கள் பக்கத்துப் பழைய சுண்ணாம்புக் கட்டடங்களும் அப்படித்தான் என்றார் ஐயா.

இதை எழுதும்போது என் வகுப்பு ஞாபகம் வருகிறது. கொரோனாக் காலத்தில் 2020, 2021இல் பள்ளிக்கூடம் மூடியிருந்தது. கைபேசியும் சிக்னலும் இல்லாத பிள்ளைகள் எங்கள் பக்கம் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் இப்போது மேல் வகுப்புகளில். கழித்தலில் கடன் வாங்கத் தெரியாத பிள்ளைக்கு நான் சமன்பாடு படிப்பித்திருக்கிறேன். பாடத்திட்டம் முடிக்க வேண்டும் என்ற அவசரம். பிள்ளை தலையை ஆட்டும், கொப்பி அழகாக இருக்கும். பரீட்சையில் பாய் அளவுக்குக் கழன்று விழும். பிறகு “படிக்காத பிள்ளை” என்று ரிப்போட்டில் எழுதுவோம். முன்னறிவைச் சோதித்துப் பார்த்தபிறகு பாடத்தைத் தொடங்கு என்று கல்வியியற் கல்லூரியில் முதல் மாதமே சொல்லித் தந்தார்கள். பாடக்குறிப்பில் எழுதுவேன், செய்யமாட்டேன். இந்தத் தவணை முதல் வாரம் ஒன்பதாம் வகுப்புக்குப் புதுப் பாடம் ஒன்றும் தொடங்கவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் எங்கே 12, எங்கே 52 என்று அளந்துகொண்டிருந்தேன். அதிபருக்குக் காரணத்தைச் சொல்லியிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை உம்மா வந்தார். பையை வைக்கவுமில்லை, நேரே ஹோல் சுவருக்குப் போய் உள்ளங்கையால் தடவினார். பிறகு விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். யன்னல் பக்கம் ஒரு இடத்தில் நின்று, “இதுல கொஞ்சம் அலை அடிக்குது” என்றார். உண்மைதான், அடிக்கிறது. சாய்ந்த வெளிச்சத்தில் எனக்கும் தெரியும். பின்னேரம் ஐயாவும் அவர் மனைவியும் வந்தார்கள். உம்மா பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தார். தண்ணீரூற்றில் எந்த வீடு என்று ஐயா கேட்க, உம்மா பள்ளிவாசலடியிலிருந்து வழி சொல்ல, இரண்டு பேரும் இல்லாத வேலிகளையும் இல்லாத மாமரங்களையும் சொல்லிச் சொல்லிப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வீட்டில் தான் வேலை செய்ததில்லை என்றார் ஐயா. அதற்கு இரண்டு வீடு தள்ளிச் செய்திருக்கிறாராம்.

உம்மா ஐந்து நாளாக இருக்கிறார். பஸ் நேரம் இன்னும் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு விசயம். எங்கள் ஒழுங்கையில் இன்னும் மூன்று வீடு பூசாமல் இருக்கிறது. அதில் ஒன்றில் ஒரு அம்மா பேரப்பிள்ளைகள் இரண்டு பேரோடு இருக்கிறார். சீமெந்துக்குக் காசு வேண்டும். அதைச் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் அளப்பதற்கும் கொத்துவதற்கும் கழுவுவதற்கும் காசு தேவையில்லை, ஆள்தான் தேவை. மாரிக்கு முன் முடிக்க வேண்டும். வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்குகிறோம். ஐயா கதிரையோடு வருவார். நான் வெண்கட்டி கொண்டுவருகிறேன். வீட்டில் பழைய உளியோ கம்பித் தூரிகையோ இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். முட்டாள் வேலைக்கு இடம் இருக்கிறது.

வேலை தெரிந்த மேசன்மார் இதில் பிழை கண்டால் திருத்துங்கள். எல்லாருக்காகவும் துஆச் செய்யுங்கள், எங்கள் மகளின் முட்டுக்கும் சேர்த்து.